மாவு மில் வீதியின் நடுக்கோடு

இதைக் கன்னடத்தில் எழுதச் சொல்லித்தான் என் பழைய ஆபீஸில் முதலில் கேட்டார்கள். முயன்று பார்த்தேன். வேலைக்காலம் முழுக்கக் கன்னடத்தில் ஆபீஸ் நோட் எழுதிய கை இது. பேனாவை வைத்ததும் ‘மேற்கண்ட விஷயம் தங்கள் மேலான உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்றுதான் போகிறது. வீட்டில் பேசும் பாஷையில்தான் எனக்கு மனசில் இருப்பது எழுத்தில் வரும் போலிருக்கிறது. ஆகவே வார்டு ஆபீஸ்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும், தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது. மற்றவர்களுக்கு டீ குடிக்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.

டெண்டர் எப்படித் தயாரிப்பது, எஸ்டிமேட் எப்படிப் போடுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த நேரத்தில் அந்தப் பட்டனை அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்தவள். மாநகராட்சியில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, கடைசி வருஷங்களில் தொம்மலூர்ப் பக்கம் ஒரு வார்டு ஆபீஸில் இருந்தேன். அந்த ஏரியாவில் ஒரு வீதி. ஒரு பக்கம் பழைய கிராமத்து வீடுகள், நெருக்கியடித்துக்கொண்டு. எதிர்ப்பக்கம் பாதித் தூரத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் மதில்சுவர். அது முடிந்ததும் மறுபடி சின்னச் சின்ன வீடுகள். நடுவில் ஒரு கார் வந்தால் எதிரே வரும் ஆட்டோ பின்னாடியே போக வேண்டிய அளவுக்கு ஒரு ரோடு.

அந்த வீதியில் செல்வியின் மாவு மில் இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். புருஷன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார்; மில் முழுக்க முழுக்க இவள் பொறுப்பு. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் காலையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்வார்கள். ராகி, கோதுமை, இடியாப்பத்துக்கு அரிசி. என் வீட்டு சாம்பார்ப் பொடிக்கு மிளகாயும் தனியாவும் அங்கேதான் போகும். காய்ந்தது போதவில்லை என்றால் செல்வி அரைக்க மாட்டாள். “இன்னும் ஒரு மணி நேரம் வெயில்ல காட்டி எடுத்தாங்கக்கா, மெஷின்ல ஒட்டுது” என்று திருப்பி அனுப்புவாள். நானும் மறுபேச்சில்லாமல் மொட்டைமாடிக்குப் போவேன். மேலதிகாரிகளிடம்கூட அவ்வளவு பணிந்து நடந்ததில்லை.

ஆனால் டெண்டர் என்று வந்துவிட்டால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து வேலை முடிகிறவரை, அந்த வேலை நடக்கிற தெருவில் ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டேன். கையில் பிளாஸ்க் இருக்கும். கடைக்குள் கால் வைக்க மாட்டேன், யார் வீட்டு வாசலிலும் நின்று கதை பேச மாட்டேன். ஆபீஸில் கேலி பண்ணுவார்கள். “மேடம் விரதம் ஆரம்பிச்சுட்டாங்க, எந்த ரோடு?” என்பார்கள். கேலி பண்ணட்டும். பிளாஸ்க் காபி ஆறிப் போயிருக்கும், அது ஒன்றுதான் நஷ்டம்.

அந்த வீதியை அகலப்படுத்த டெண்டர் விட்டபோது என் மிளகாய் டப்பா செல்வியின் மில்லில் இருந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூட நான் போகவில்லை. நாலாம் நாள் அவளே ஆபீஸுக்கு வந்துவிட்டாள். கண் இமைவரைக்கும் மாவு. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“அக்கா, இதப் பாருங்க. செவப்புப் பெயிண்ட் எங்க அடிச்சிருக்காங்கன்னு பாருங்க.”

ரோடு அகலப்படுத்தும்போது எவ்வளவு தூரம் இடிபடும் என்று சுவரில் சிவப்புப் பெயிண்டால் குறி போடுவது நம் ஊரில் வழக்கம். சாதாரணமாக வெளிச்சுவரில் போடுவார்கள். செல்வியின் மில்லில் அளவு உள்ளே போயிருந்ததால் ஆட்கள் உள்ளேயே நுழைந்து, மெஷினுக்குப் பின்னாலிருந்த சுவரில், சாமி காலண்டருக்குப் பக்கத்தில் அடித்திருந்தார்கள்.

“ரோடு என் மெஷினுக்குப் பின்னாடி ஓடுதாம். நான் எங்க நிக்கறது, பஸ்ஸுக்கு நடுவுலயா?”

நஷ்டஈடு கிடைக்கும் என்று பக்கத்திலிருந்த கிளார்க் ஆறுதலாக ஏதோ சொன்னார். செல்வி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “நஷ்டஈட்ட வெச்சு என்னாங்க பண்றது? போல்ட்ட கழட்டினா லைசன்ஸ் போச்சே.”

அவள் சொன்னது உண்மை. அவள் மாமனார் அந்த மெஷினை வைத்த காலத்தில் அந்த வீதியில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பிறகு நகரத் திட்டம் போட்டவர்கள் வரைபடத்தில் அந்த வீதிக்கு மஞ்சள் பூசினார்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு மண்டலம். அவ்வளவு பெரிய மோட்டார் இனிமேல் அங்கே வைக்கக்கூடாது. ஏற்கெனவே இருப்பது, இருக்கிற இடத்தில், இருக்கிறபடி ஓடலாம். மெஷினைப் பெயர்த்து நாலடி தள்ளி வைத்தால்கூடச் சட்டத்தின் கண்ணுக்கு அது புது மில். புது மில்லுக்கு அனுமதி கிடையாது. ஆக, அந்தச் சிவப்புக் குறி மெஷினுக்கு முன்னால் விழுந்தால் செல்விக்குப் பிழைப்பு உண்டு, பின்னால் விழுந்தால் இல்லை.

“மனு ஒண்ணு எழுதிக் குடு செல்வி” என்றேன்.

“உங்ககிட்டயே மனுவாக்கா?”

“ஆபீஸ்ல குடு. முத்திரை போட்டு வாங்கிக்குவாங்க.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அளவு சரியா என்று எனக்கே அப்போது தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றித் தைரியம் சொல்வதும் ஒருவகை லஞ்சம்தான், கொடுப்பது நாமாக இருந்தாலும். மறுநாள் என் மேஜையில் மிளகாய் டப்பா இருந்தது. மூடி இறுக்கமாக மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். மிளகாய் மிளகாயாகவே இருந்தது, அரைக்காமலேயே அனுப்பிவிட்டாள். வலித்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

டெண்டர் மூட இரண்டு நாள் இருக்கும்போது, கலந்துகொள்கிற கான்ட்ராக்டர்களை எல்லாம் ஒன்றாக ரோட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினோம். சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்கலாம். பதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுத்தில் போகும். முருகேசன் என்று ஒருவர், தர்மபுரிக்காரர், கணக்கில் கெட்டி. வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு வந்து கேட்டார்.

“மேடம், ஒரு டவுட்டு. பாதாளச் சாக்கடை மூடிங்க எல்லாம் ரோட்டுக்கு ஒரு ஓரமா வருதே. புது ரோட்ல அத நடுவுக்குக் கொண்டாரணுமா, அப்படியே உட்டுடலாமா? டெண்டர்ல அதப் பத்தி ஒண்ணுமே காணலியே.”

“எழுத்துல பதில் வரும்” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். தினமும் அந்த மூடிகளின் மேல் ஸ்கூட்டியை ஏற்றி இறக்கியவள்தான் நான். மூடிகள் கோணல்மாணலாக இல்லை. ஒரே நேர்க்கோட்டில், வீதி நெடுக, கம்பெனி மதில் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. சாக்கடைக் குழாய் போட்ட காலத்தில் கம்பெனியே கிடையாது. அப்போது குழாய் போட்டவர்கள் ஏன் ரோட்டின் ஒரு ஓரத்தில் போட்டார்கள்? அல்லது ஓரத்தில் போடவே இல்லையா? நடுவில்தான் போட்டார்களா, நடு என்பதுதான் பிறகு நகர்ந்துவிட்டதா?

இங்கேதான் நம் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ரோட்டை அகலப்படுத்த, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக அளப்போம். நடு எது? தார் இருக்கிற இடத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு டேப்பைப் பிடித்து, பாதியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்போம். காலம்காலமாக அப்படித்தான். தார் எங்கே இருக்கிறதோ அதுதான் ரோடு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இந்த வீதியில் கம்பெனி தன் மதிலுக்கு வெளியே ஒரு பட்டை நிலத்தில் புல் வளர்த்து, மரம் வைத்து, உட்கார பெஞ்சும் போட்டிருந்தது. அந்தப் பட்டை மதிலோடு நிற்காமல், அடுத்திருந்த சின்ன வீடுகளின் முன்னாலும் கோடிவரை போயிற்று. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. எனக்கும்தான். அந்தப் பட்டை கம்பெனியுடையதா, ரோட்டினுடையதா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரோட்டினுடையது என்றால் தார் ஒரு பக்கம் குறுகியிருக்கிறது, நாம் வைத்த நடு பழைய வீடுகள் பக்கமாகத் தள்ளிப் போயிருக்கிறது, செல்வியின் சுவரில் அடித்த குறி தப்பு.

‘என்றால்’ என்றுதான் சொல்கிறேன். குழாயைச் சில இடங்களில் வேண்டுமென்றே ஓரமாகப் போடுவார்கள். மூடியை வைத்து முடிவு கட்ட முடியாது. தாலுகா சர்வேயர் வந்து பழைய சர்வே கல்லிலிருந்து அளந்தால்தான் உறுதி. அவர் வர ஒரு வாரமாவது ஆகும். டெண்டர் மூட இரண்டு நாள்.

எங்கள் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியரின் அறைக்குப் போனேன். மண்டியாக்காரர், முன்கோபி, ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். கோபத்தின் சுவை கொஞ்சம் குறையும்.

“மேடம், இது மார்ச் மாசம். ஞாபகம் இருக்கா? மாசம் முடிஞ்சா நிதி திரும்பிப் போயிடும். பூமி பூஜைக்கு ஷாமியானாகூடச் சொல்லியாச்சு.”

அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். அந்த வீதியில் ஒரு வீட்டில் சிலிண்டர் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அங்கே நின்று வாளியில் தண்ணீர் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அப்போதிலிருந்து அந்த ரோட்டுக்காகத் தலைமை அலுவலகத்துக்கு அலையாய் அலைந்து நிதி வாங்கினார். அவருக்கு அந்த ரோடு வேண்டும். எனக்கும் வேண்டும்.

“டெண்டரைத் திறந்துடுங்க. கோடு தப்பா இருந்தா அப்புறம் சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். எத்தனை ரோட்ல பண்ணியிருக்கோம்!”

பண்ணியிருக்கிறோம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அந்த வேலையை யார் எடுக்கப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. சரியான கோடு எந்தப் பக்கம் போகும் என்றும் தெரியாது. இப்போது திருத்தினால் அது திருத்தம். திறந்து, கான்ட்ராக்டர் பெயர் தெரிந்து, எந்த வீடு தப்பும் எந்த வீடு போகும் என்று ஊருக்கே தெரிந்த பிறகு அதே கோட்டை அதே அளவு நகர்த்தினால் அது சலுகை. நகர்த்தியவருக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. இதைத்தான் அவரிடம் சொன்னேன், இத்தனை கோர்வையாக இல்லாவிட்டாலும்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அந்த மாவு மில் யாரோடது?”

“செல்வின்னு ஒருத்தங்க சார்.”

“தமிழவங்களா?”

“ஆமா சார்.”

“நீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். ஆனால் அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. “நாளைக்கு வெளியில என்ன பேசுவாங்க தெரியுமா? தமிழ் ஆபீசர், தமிழ் மில்லுக்காக ரோட்டையே நிறுத்திட்டாங்கன்னு பேசுவாங்க. பதில் இருக்கா?”

கையில் இருந்த நோட்டை அவர் முன்னால் வைத்தேன். நாலே வரி. ‘தாரின் நடுவும் சாலையின் நடுவும் ஒன்றுதானா என்று ஐயம் எழுகிறது. மதிலை ஒட்டிய பசுமைப் பட்டை யாருடையது என்பது உறுதியாகவில்லை. சர்வே கல்லிலிருந்து அளந்து நடுக்கோட்டை உறுதி செய்த பின் டெண்டர் திறக்கலாம்.’ கடைசி வரி என் கையெழுத்து. இரண்டு முறை படித்தார்.

“இதுல மில் எங்க?”

“இல்ல சார்.”

“கோடு எந்தப் பக்கம் போகும்?”

“தெரியாது சார். அதனாலதான் இன்னிக்கே கேக்கறேன்.”

பிள்ளைகளே, மொத்தத்தில் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடம்தான். உங்களிடம் அழுதுகொண்டு வருகிறவருக்காக மனசு இளகட்டும். இளகாவிட்டால் இந்த வேலைக்கே வர வேண்டாம். ஆனால் ஃபைலில் அவர் வீட்டைப் பற்றி எழுதாதீர்கள். கோட்டைப் பற்றி எழுதுங்கள். வீட்டைப் பற்றி எழுதினால் அந்த ஒரு வீட்டுக்குத்தான் இரக்கம் கிடைக்கும், அதுவும் மேலே இருப்பவருக்கு மனசிருந்தால். கோட்டைப் பற்றி எழுதினால் நமக்குப் பேரே தெரியாத வீட்டுக்கும் நியாயம் கிடைக்கும்.

அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே சொன்னார். “நிதி திரும்பிப் போச்சுன்னா, அந்த ரோட்ல இருக்கிற பெரிய பள்ளத்துக்கு உங்க பேரை வெச்சு நானே போர்டு அடிப்பேன்.”

சர்வேயர் வந்தார், கல்லைத் தேடிக் கண்டுபிடித்து அளந்தார். பசுமைப் பட்டை முழுக்க ரோட்டு நிலம். கம்பெனிப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் நாமக்கல்காரர். இடத்தை வாங்கும்போதே அந்தப் பட்டையும் தங்களுடையது என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பாவம், முகம் செத்துவிட்டது. சண்டை எதுவும் போடவில்லை. மரங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நட முடியுமா என்று மட்டும் கேட்டார். நடு நகர்ந்தது. செல்வி பக்கத்தில் கோடு ஐந்தடி பின்வாங்கி, மெஷினுக்கு முன்னால் வந்து நின்றது. அவளுக்கு ஷட்டரும், ஜனங்கள் டப்பாவோடு வரிசையில் நிற்கிற இடமும் போகும். மெஷின் அசையாது.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. கோடு ஒரு பக்கம் பின்வாங்கினால் மறுபக்கம் முன்னேறும் அல்லவா? கம்பெனி மதில் முடிகிற இடத்துக்கு அடுத்த வீடு நாராயணப்பாவுடையது. இஸ்திரி போடுகிறவர், நாலு தலைமுறையாக அதே வீதி. தெருவில் எல்லோரையும்போல் கன்னடம் பாதி, தமிழ் பாதி பேசுவார். கம்பெனி வைத்த மர நிழலில் மேஜை போட்டு, கம்பெனிப் பிள்ளைகளின் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவார். மழை வந்தால் மேஜையை முன்னறைக்குள் இழுத்துக்கொள்வார். பழைய கோட்டில் அவருக்குத் தகரக் கூரை மட்டும் போவதாக இருந்தது. சரியான கோட்டில் அந்த முன்னறையே போகும்.

பெயிண்ட் டப்பாவோடு ஆட்களை அனுப்பியிருக்கலாம். அதுதான் வழக்கம். ஜனங்களுக்கு விஷயம் சுவரைப் பார்த்துத்தான் தெரியும். எனக்கு அது ஒப்பவில்லை. செல்விக்கு அப்படித்தானே தெரிந்தது? காலையில் மேஜை போடுகிற நேரத்துக்கு நானே போனேன்.

சொல்லி முடிக்கிறவரை அவர் கையிலிருந்த சட்டையை விடவில்லை. பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“மொதல்ல ஷீட்டு மட்டும்தான் போகும்னாங்க. இப்ப ரூமே போகுமா?”

“ஆமாங்க.”

“நடுவுல என்னாச்சு?”

“மொதல்ல அளந்தது தப்பு.”

எதிரே மில் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். “அந்தம்மா மெஷின் தப்பிச்சிச்சுன்னாங்க.”

“தப்பிச்சது.”

“அந்தம்மா தமிழு. நீங்களும் தமிழு. நான் என்னா மேடம் நெனைக்கறது?”

எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் அறையில் கேட்ட கேள்வியை வீதியும் கேட்டுவிட்டது. அந்த நேரத்தில் கோபப்படுவது சுலபம். எத்தனையோ வருஷமாக ஆறிப்போன காபி குடித்தவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா என்று எனக்கும் சுருக்கென்றது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் வேறெதை நினைத்திருப்பேன்?

“என்ன வேணா நெனைங்க, தப்பில்ல. ஆனா அளக்கறத நீங்களே புடிச்சுப் பாருங்க” என்றேன்.

டேப்பை வரவழைத்தேன். ஒரு முனையை அவரே தன் முன்னறைக்குள், புதுக் குறி விழப்போகிற இடத்தில் பிடித்துக்கொண்டார். சர்வே கல்லுக்கும் நடுவுக்கும் உள்ள கணக்கை முதலில் அவருக்குக் காட்டினேன். நடு சரியாகச் சாக்கடை மூடியின் மேல் விழுந்தது. நான் அந்த மூடியின் மேல் நின்றுகொண்டேன். மறு முனையை எதிர்ப்பக்கம் பிடிக்க ஆள் வேண்டும். அதற்குள் தெருவே கூடிவிட்டது. மில் சத்தம் நின்றது. செல்வி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டேப்பின் முனையை வாங்கிக்கொண்டு போய், தன் மெஷினின் மூக்கருகே, தரையில் உட்கார்ந்து அழுத்திப் பிடித்தாள்.

“எவ்ளோ?” என்று நாராயணப்பா உள்ளிருந்து கேட்டார்.

அவர் பக்கத்து அளவைச் சத்தமாகப் படித்தேன். செல்வி தன் முனையிலிருந்த மொத்த அளவைப் படித்தாள். சரியாக இரட்டிப்பு, அதாவது இரண்டு பக்கமும் ஒன்று. அவர் நம்பாமல், முனைகளை மாற்றிப் பிடிக்கச் சொன்னார். செல்வி அவர் வீட்டுக்குள் போனாள், அவர் மில்லுக்குள் போனார். மறுபடியும் அதே அளவு.

அவர் மில்லை விட்டு வெளியே வர நேரமாயிற்று. தலைக்கு மேல் இருந்த பழைய சிவப்புக் குறியை, அந்தக் காலண்டர் பக்கத்துக் குறியை, நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே செல்வி அவருடைய முன்னறையில், மழைக்கு மேஜை இழுத்துப் போடுகிற அந்த இடத்தில் நின்றாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று காகிதத்தில் எழுதுவது நமக்குப் பெருமை. ஆனால் ஒரே அளவு இரண்டு வீட்டில் ஒரே மாதிரி வலிக்காது. மூடியின் மேல் நின்றபடி குனிந்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“பெயிண்ட் அடிச்சுக்குங்க” என்றார் நாராயணப்பா.

செல்வி என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். “மிளகா டப்பா எங்கக்கா?”

“வேலை முடியட்டும், கொண்டாரேன்.”

“ரோசமா?”

“ரூலு.”

“நல்ல ரூலு” என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அன்றைக்கு மில் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டதாக எனக்குத் தோன்றியது.

நிதியில் ஒரு பங்கு திரும்பிப் போய்விட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் யார் யார் காலையோ பிடித்து மிச்சத்தைக் காப்பாற்றினார். ரோடு கோடிவரை போகவில்லை. கடைசித் துண்டு அடுத்த நிதி வருகிறவரை பள்ளமாகவே கிடந்தது. போர்டு அடிக்கவில்லை, ஆனால் ஆபீஸில் அந்தப் பள்ளத்துக்கு என் பெயர்தான். “மேடம் மேல விழுந்து ஸ்கூட்டர் பஞ்சர்” என்று காதுபடவே பேசுவார்கள். அங்கே குடியிருந்தவர்கள் என்னைத் திட்டியது நியாயம்தான். ஆனால் தீயணைப்பு வண்டி இப்போது அந்த முனையில் திரும்புகிறது. ஓட்டிப் பார்க்கச் சொல்லி, எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் முனையில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டியதை நான் பார்த்தேன்.

வேலை முடிந்து, கணக்கெல்லாம் முடிந்து, எனக்கு வேறு வார்டுக்கு மாற்றலும் வந்த பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். மில்லின் ஷட்டர் மெஷினை உரசுகிற மாதிரி பின்னால் தள்ளியிருந்தது. ஜனங்கள் நடைபாதையில் வரிசை நின்றார்கள். உள்ளே மெஷினுக்கு இடதுபக்கம், முன்பு செல்வி மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில், இஸ்திரி மேஜை. நாராயணப்பா சட்டைக் காலரை மடித்துக்கொண்டிருந்தார். இஸ்திரிக்கு எந்த மண்டலத்திலும் தடையில்லை, நல்லவேளை.

“மாவு பறக்காதா செல்வி?” என்று கேட்டேன்.

“வெள்ளச் சட்டைல என்னா தெரியப் போவுது? மிளகா அரைக்கற அன்னிக்கு மட்டும் அவருக்கு லீவு. ஒரு வாட்டி மறந்துபோய் அரைச்சிட்டேன். கம்பெனில மீட்டிங்ல ஒக்காந்து எல்லாம் தும்மினாங்களாம். இவரு கஸ்டமரு பாதிப் பேரு போயிட்டு, மறுபடியும் வந்தாங்க.”

நாராயணப்பா சிரிக்கவில்லை. எனக்கு வணக்கமும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. முன்னறை போனவருக்குச் சிரிக்க வேண்டிய கடமை கிடையாது.

இப்போது நான் ஓய்வு பெற்று லிங்கராஜபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கேயும் மூலைக்கு ஒரு மில் இருக்கிறது. ஆனாலும் பஸ் பிடித்து அங்கேதான் போகிறேன். போன முறை போனபோது மிளகாய் நாள் இல்லை, கேழ்வரகு. நாராயணப்பா தலையை நிமிர்த்தாமலே பேசினார். முன்னறை போனபிறகு அவராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

“மேடம், கோயில் தெருவுலயும் செவப்புப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. என் தம்பி வீடு அங்கதான். படுக்கற ரூம்புக்குள்ள வந்து அடிச்சிட்டுப் போயிருக்காங்க.”

“நான் இப்ப ஆபீஸ்ல இல்லீங்களே நாராயணப்பா.”

“தெரியும் மேடம். ரோடு வேணாம்னு சொல்லல. போறது போகட்டும். எங்கேர்ந்து அளந்தாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கோயில் தெருவுக்கு இன்ஜினியர் இப்போது உங்களில் ஒருவர். அந்த டெண்டர் இன்னும் திறக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். நான் இவ்வளவு நீட்டி எழுதியதெல்லாம் இந்த ஒன்றைக் கேட்கத்தான். அடுத்த வாரம் அரைக்கப் போகும்போது அந்த மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து அளந்தீர்கள்?